அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்த விதம்

தம்பி,

இதைத் தமிழில் எழுதுகிறேன் என்று கோபப்படாதே. இந்த டில்லியில், மோதி பாக் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை நீ படித்த தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கப் போதும். கல்யாணப் பத்திரிகையை நீ அப்படித்தான் படிக்கிறாய், மண்டபத்தின் பெயர் வருவதற்குள் எங்களுக்குக் காபி ஆறிவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் நோட் மாதிரி முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாய். நானும் முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் படித்தேன், அதனால் தெரியும். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். புரியாத வார்த்தைக்கு உங்கப்பாவிடம் கேள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறவர் அவர்தான், பேப்பர் படிப்பதைத் தவிர அவருக்கு வேறு ஜோலியும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் நீயோ நானோ மாற்றிச் சொல்லாமல் இருக்க. உன் பெண்டாட்டிக்கு டியூட்டி என்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீ மட்டும் மயூர் விஹாருக்கு வந்தாய். உனக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தேன். பாப்பா முகத்தில் மாஸ்க்கோடு உள்ளே வந்து அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். இந்த ஊர்ப் புகையில் நான்கு வயசுப் பிள்ளைக்கு அது செருப்பு மாதிரி பழகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் நீ ஆபீஸ் பேச்சை எடுத்தாய். பழைய நிலக்கரி மின்நிலையங்களை எந்த வருஷத்துக்குள் மூடுவது என்ற பைல் உன் மேஜைக்கு வந்திருக்கிறது. அதில் எழுதியிருக்கிற வருஷம் அடுத்த வருஷம். பட்டியலில் இருக்கிற பல நிலையங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உன் டைரக்டர் அதைப் பன்னிரண்டு வருஷம் தள்ளி ஒரு நோட் போடச் சொல்கிறார். வரப்போகிற உலகப் பருவநிலை மாநாட்டில் நம் நாட்டின் சார்பாக வாசிக்கும் அறிக்கையில் அந்தப் புதிய வருஷம் இருக்கும். இந்த மாதக் கடைசிக்குள் நோட் மேலே போயாக வேண்டும். மாநாட்டுக்குப் போகிற குழுவில் முதல் முறையாக உன் பெயரும் இருக்கிறது.

"என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "என்ன செய்ய? போட்டு அனுப்பு. ஒன் கையெழுத்து எங்கயோ அடியில கெடக்கும். மேல நாலு பேரு போடப் போறாங்க. ஒன்னயவா வந்து கேக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு உனக்கு இன்னொரு கரண்டி சொதி ஊற்றினேன். நீ கையை எடுத்துவிட்டாய். "அந்தப் பழைய பைலையும் ஸ்கேன் பண்ணி ஏத்திருக்காங்கம்மா. பச்சை நோட்ஷீட்ல டைப் அடிச்ச வருஷத்த வெட்டிட்டுப் பேனால வேற வருஷம் எழுதியிருக்கு. பக்கத்துல இனிஷியல். உன்னோடதுதானே?" என்றாய். ஆமாம் என்றேன். "அச்சா. அப்ப சச் சச் சொல்லு, உண்மைய மட்டும். அந்த வருஷம் எப்படி வந்துச்சு? மூணு தடவ தேடிட்டேன், பைல்ல ஒரு ரீஸன்கூட இல்ல" என்றாய். "அப்பல்லாம் அப்படித்தான்" என்றேன். நீ எழுந்து கை கழுவினாய், பாப்பாவுக்குச் செருப்பு மாட்டினாய், லிப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினாய். உனக்கென்று கட்டி வைத்த டப்பா பிரிட்ஜ் மேலேயே இருந்தது.

இன்றைக்குப் புதன்கிழமை. மூன்று நாளாக அந்தக் கேள்விக்குப் பதிலை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். ரிடயர் ஆனவளுக்கு அசதி என்று சொல்ல உரிமை இல்லை என்று உங்கப்பா கேலி செய்வார், ஆனால் அசதியாகத்தான் இருக்கிறது தம்பி. வேலை செய்த அசதி இல்லை. எத்தனையோ வருஷம் ஒரு வேலையைச் செய்கிற மாதிரி இருந்ததன் அசதி. சரி, சொல்லிவிடுகிறேன்.

நம் உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. சேருகிற நாளிலேயே போகிற நாள் தெரிந்துவிடும். அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாள். ஒன்றாம் தேதி பிறந்த பாவிக்கு மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே. சீனியாரிட்டி லிஸ்டில் எல்லாருடைய பிறந்த தேதியும் அச்சடித்திருக்கும், அதை நாங்கள் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி பார்ப்போம். யார் எப்போது போவார், அந்த நாற்காலி யாருக்கு, அவர் போனால் யாருக்கு. எனக்கு உங்கப்பா பிறந்த நாள் மறக்கும். அமைச்சகத்தில் ஒருத்தருடைய ரிடயர்மென்ட் தேதியும் மறந்ததில்லை. என் செக்‌ஷனில் எல்லாரும் வந்து என்னிடம்தான் கேட்பார்கள். "மேடம், வர்மாஜி கப்?" எப்போது போகிறார் என்று கேட்டால் போதும், மாதமும் வருஷமும் சொல்லிவிடுவேன். அதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ எட்டாவது படிக்கும்போது, மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானக் கூட்டம். பழைய மின்நிலையங்களை ஆராய்ந்த நிபுணர் குழுவின் அறிக்கை வந்திருந்தது. அதில் நாலைந்து பேர் இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு கொதிகலனையும் பார்த்து, எதை எப்போது மூடலாம், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்பது வருஷத்துக்குள் மூடிவிடலாம் என்று ஒரு வருஷத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒழுங்கான அறிக்கை. நான் முழுக்கப் படித்தேன், அதில் ஒரு வரியைக்கூட மறுத்துச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் அந்த வருஷத்தை வாசித்ததும் எல்லாரும் டீயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. கடைசியில் ஜாயின்ட் செக்ரட்டரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மேடம், உங்களுக்குத்தானே எல்லாம் மனப்பாடம். அந்த வருஷம் இந்த மேஜையில யார் யார் இருப்போம்?" என்று இந்தியில் கேட்டார்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். அந்த ஒன்பதாவது வருஷத்தில் ஜே.எஸ். இருக்க மாட்டார், ஆனால் ஆறு பேர் இருப்பார்கள். அதில் நானும் ஒருத்தி. பைல் என்னுடையது, அன்றைக்கு நிலையங்கள் மூடாமல் இருந்தால் பாராளுமன்றக் கேள்விக்குப் பதில் எழுதப்போகிறவள் நான். "பத்து வருஷம் தள்ளினா யாரும் இருக்க மாட்டோம் சார்" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தமாஷ் இல்லை. சொன்னதும் மேஜை முழுவதும் மூச்சு விட்டது, எனக்குக் கேட்டது. ஜே.எஸ். "டீக் ஹை, சரி, பத்து வருஷம் யதார்த்தமா இருக்கும்" என்றார். நான் பேனாவை எடுத்து டைப் அடித்த வருஷத்தை வெட்டினேன், புதிய வருஷத்தை எழுதினேன், பக்கத்தில் இனிஷியல் போட்டேன். 'விரிவான ஆலோசனைக்குப் பிறகு' என்று மேலே ஒரு வரி. கதவோரமாக, நோட்ஸ் எடுக்க வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சத்தமாகச் சிரித்து, "மேடம் நே சப்கோ பசா லியா" என்றார். மேடம் எல்லாரையும் காப்பாற்றிவிட்டார் என்று. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்கு, அப்போது நம் குவார்ட்டர்ஸ் இருந்த கிட்வாய் நகருக்கு நடந்தே வந்தேன், வரும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஜிலேபி வாங்கினேன். பெரிய பைல் ஒன்று முடிந்தது என்று உங்களிடம் சொன்னேன். நீ ஜிலேபியைப் பிய்த்துக்கொண்டே எந்த வருஷம் மூடுவாங்க என்று கேட்டாய், சொன்னேன். "அப்ப எனக்கு எத்தன வயசும்மா?" என்றாய். முப்பத்திரண்டு என்றேன். "அப்ப நீயே போயி மூடுல" என்று உன் தலையில் தட்டினேன், நாம் மூன்று பேரும் சிரித்தோம். இது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருக்க வேண்டாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் என் தலையில் போட்டுக்கொண்டு தியாகி வேஷம் கட்டுகிற மாதிரி ஆகிவிடும். நியாயம் நம் பக்கம் இருந்தது. பணக்கார நாடுகள் தலைமுறை தலைமுறையாக எரித்து, வீட்டைச் சூடாக்கி, காரில் சுற்றி, எல்லாம் முடிந்த பிறகு நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து எப்போது நிறுத்துவாய் என்று கேட்டன. நம் ஊர்களில் அப்போது மின்விளக்கே இல்லாத வீடுகள் எத்தனையோ. அந்தக் கேள்விக்கு எனக்கு அன்றும் கோபம் வந்தது, இன்றும் வருகிறது, நீ மாநாட்டுக்குப் போனால் உனக்கும் வரட்டும். ஆனால் நியாயம் நம் பக்கம் இருந்ததாலே சோம்பேறித்தனமும் அதே பக்கத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. அந்த மேஜையில் இருந்த யாரும் மின்விளக்கு இல்லாத வீட்டை நினைத்து அந்த வருஷத்தைத் தள்ளவில்லை. வெளியே கேட்டால் அதைச் சொல்வோம். உள்ளே பிறந்த தேதியைப் பார்த்தோம்.

வெளிநாட்டுக்காரர்களும் யோக்கியம் இல்லை. மூன்று மாநாட்டுக்குப் போயிருக்கிறேன், மூன்றிலும் குளிரில் விறைக்கிற மாதிரி ஒரு பெரிய ஹால், நான்கு பக்கமும் நாட்டுப் பெயர்ப் பலகைகள். நமக்கு ரிடயர்மென்ட் மாதிரி அவர்களுக்குத் தேர்தல். எந்த நாட்டு வாக்குறுதியை எடுத்துப் பார்த்தாலும் வருஷம் இரண்டு தேர்தலுக்கு அப்பால்தான் இருக்கும். இதை நான் ஒருத்தியே கண்டுபிடித்ததாக நினைத்து நம் குழுவினரிடம் சொன்னேன், அவர்கள் நீ இப்போதுதான் பார்க்கிறாயா என்கிற மாதிரி பார்த்தார்கள். இரண்டாவது மாநாட்டில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கெட்டிலில் வேகவைத்த சாதத்தில் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒரு சின்னத் தீவு நாடு. என் வயசு இருக்கும். அவளும் அரசாங்க குமாஸ்தாதான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டு இன்னும் கேட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். உங்கள் நாடு பழைய நிலையங்களை மூட ஒரு வருஷம் சொல்லியிருக்கிறதே, அந்த வருஷத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கடல் ஏறிக்கொண்டிருக்கிற தன் ஊரில் இருக்கிறவர்களை எந்த வருஷம் இடம் மாற்றுவது என்று தன் அலுவலகத்தில் ஒரு திட்டம் எழுதுகிறார்களாம், பெரிய நாடுகளின் வருஷங்களை வைத்துத்தான் அதைப் போடுகிறார்களாம். நான் ஆங்கிலத்தில், விரிவான தொழில்நுட்ப ஆலோசனைக்குப் பிறகு என்று சொன்னேன். அவள் அதை அப்படியே வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, எனக்கு நன்றி சொன்னாள். தம்பி, என் சர்வீஸில் நான் பொய் சொன்ன இடங்கள் நிறைய. பொய்யை ஒருத்தி நம்பி, கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது, எழுந்து போய் டப்பாவைக் கழுவினேன்.

அந்த வாரம்தான் இங்கே உனக்கு மூச்சு இழுத்தது. உங்கப்பா உன்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நான் பயப்படுவேன் என்று போனில் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு மருந்துச்சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ இப்போது திருத்துவாய், டில்லிப் புகை வேறு, பூமியைச் சூடாக்குகிற வாயு வேறு என்று. எனக்கும் தெரியும்டா, நானும் அதைப் பற்றி நோட் போட்டவள்தான். இரண்டும் வேறு. ஆனால் நாங்கள் பத்து வருஷம் கூடுதலாக ஓடவிட்ட நிலையங்களில் இரண்டும் ஒரே புகைபோக்கி வழியாகத்தான் வந்தன. உனக்கு வந்த இழுப்புக்கு நான்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அதெல்லாம் சினிமா. ஆனால் மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றபோது எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது.

இப்போது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மண்டை அதன் பழைய வேலையைச் செய்தது. உன் டைரக்டர் பிறந்த தேதி எனக்குத் தெரியும். அவர் ரிடயர் ஆகிற மாதமும் தெரியும். உன்னிடம் போடச் சொல்லியிருக்கிற புதிய வருஷம் அவர் ரிடயர் ஆவதற்கு அடுத்த வருஷம். நான் இரண்டு தடவை விரல் விட்டு எண்ணினேன். எப்படி அவர் தேதி எனக்குத் தெரியும் என்று கேட்பாய். அன்று கதவோரமாக உட்கார்ந்து, மேடம் எல்லாரையும் காப்பாற்றிவிட்டார் என்று சிரித்தவர் அவர்தான். எங்கள் கணக்கில் காப்பாற்றப்படாமல், அந்த வருஷத்திலும் சர்வீஸில் மிச்சம் நின்ற ஒரே ஆள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், கெட்டவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் அம்மாள் செய்ததைப் பார்த்தார், கற்றுக்கொண்டார்.

இனிமேல் என்ன ஆகும் என்று நீ அடிக்கடி கேட்பாய், ஆசையோடு. நான் அனுபவசாலி, ஏதாவது சொல்வேன் என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாநாடு நடக்கும். வருஷா வருஷம் நடக்கும், ஒவ்வொன்றையும் சரித்திரம் என்பார்கள். வாக்குறுதிகள் பெரிதாகும், வருஷங்கள் தூரமாகும். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அந்தக் காலம் போய்விட்டது. எல்லாரும் சரி என்பார்கள், பிறகு என்பார்கள். மாநாட்டு ஹாலில் எதுவும் முடிவாவதில்லை தம்பி, அங்கே வாசிக்க மட்டும்தான் செய்கிறார்கள். உன்னைப் போல என்னைப் போல யாரோ ஒருத்தர், ஒவ்வொரு தலைநகரத்திலும், டீயும் பிஸ்கட்டுமாக ஒரு மத்தியானத்தில் ஒரு வருஷத்தை எழுதி மேலே அனுப்புகிறோம். அதுதான் கொள்கை. அதைத் தவிர வேறு ஏதோ பெரிய இடத்தில் கொள்கை இருக்கிறது என்று நான் சர்வீஸ் முழுக்க எதிர்பார்த்தேன், இல்லை.

அதனால் நீ எதிர்த்து நோட் போடு என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்த்து எழுதினால் குழுவிலிருந்து உன் பெயரை எடுப்பார்கள். அதைப் பற்றி யாரும் உன்னிடம் பேசக்கூட மாட்டார்கள், லிஸ்ட் வரும்போது பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் உன்னை ஸ்டேஷனரி வாங்குகிற செக்‌ஷனுக்கோ லைப்ரரிக்கோ மாற்றுவார்கள். குவார்ட்டர்ஸ் வீட்டு விஷயத்தில் ஒரு காகிதம் காணாமல் போகும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தவர்களுக்கு நடந்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். நீ என் பிள்ளை, உனக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை சொதிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். பெற்றவள் புத்தி அது. அந்த யோசனையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக வேறு யோசனை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஆனால் பைலில் ஒரு ரீஸன்கூட இல்லை என்றாயே, அதற்கு என்னால் ஒன்று செய்ய முடியும். நேற்று உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன், ஆங்கிலத்தில், ஆபீஸ் வழக்கப்படி, பத்திகளுக்கு நம்பர் போட்டு. இன்ன பைலில், இன்ன பக்கத்தில், நிபுணர் குழு சொன்ன வருஷத்தை அடித்துவிட்டு வேறு வருஷத்தை எழுதியது நான். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் ஓய்வுபெறும் தேதிகளைக் கணக்கிட்டு அந்த வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'விரிவான ஆலோசனை' நடக்கவில்லை. அந்த வருஷத்தை அடிப்படையாக வைத்து இனி எடுக்கும் எந்த முடிவுக்கும் முன்னால் நிபுணர் குழுவின் பழைய அறிக்கையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான். மற்றவர்கள் பெயரை எழுதவில்லை, உன் டைரக்டர் பெயரையும் எழுதவில்லை. எல்லாருக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். அடியில் இனிஷியல் போடவில்லை, முழுப்பெயரும் எழுதி, கடைசியாக இருந்த பதவியையும் எழுதினேன். என் பென்ஷனை இனி யாரும் தொடப்போவதில்லை, ஆகவே இதில் வீரம் ஒன்றும் கிடையாது. நம்ம ஊர்க்காரர்கள் கோவிலில் பார்த்தால் இரண்டு நாள் பேசுவார்கள், பேசட்டும்.

இந்தப் பக்கத்தை உன்னிடமே கொடுத்து, வேண்டுமானால் பைலில் சேர்த்துக்கொள், வேண்டாமென்றால் கிழித்துப் போடு, உன் இஷ்டம் என்று சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மேலே ஜிலேபி வரைக்கும் எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பிப் படித்தேன். 'அப்ப நீயே போயி மூடுல' என்று எழுதியிருக்கிறேன் பார், அதே வேலையை மறுபடியும் செய்யப் பார்க்கிறேன். நான் செய்ய வேண்டியதை, பின்னால் வருகிறவன் தலையில் சிரித்துக்கொண்டே வைப்பது. உன் கையில் கொடுத்தால் அம்மா பெயர் கெட்டுவிடும் என்று நீ டிராயரில் வைத்துப் பூட்டுவாய். அதைச் சாக்காக வைத்து நானும் நிம்மதியாக இருப்பேன். எழுதுவதை அங்கேயே நிறுத்தினேன். புடவையை மாற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று கேட்டார் உங்கப்பா. "போஸ்ட் ஆபீஸுக்கு. ஒரு பழைய வேலை பாக்கி" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இரு, குளிருது. நானும் வாரேன்" என்றார்.

கவுன்ட்டரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். பதிவுத்தபால், அமைச்சகத்தின் செயலாளர் பெயருக்கு. அங்கே நம்பர் போடுவார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், மேலே இருந்து கீழே ஒவ்வொரு மேஜையாக மார்க் செய்து அனுப்புவார்கள், ஒரு வாரத்தில் அது உன் மேஜைக்குத்தான் வரும், வேறு போக்கிடம் இல்லை. நம்பர் விழுந்த காகிதத்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, உன் டைரக்டரும் முடியாது. அதற்குப் பிறகு நீ வருஷத்தைத் தள்ளி நோட் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எனக்கு நீ ஒன்றுதான். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வந்தால் கோபப்படு. குழுவிலிருந்து பெயர் போனால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து, அந்த ஜிலேபியிலிருந்து, இதைத் தொடர்ந்து எழுதி முடித்திருக்கிறேன்.

தபால் ரசீதை இந்தக் கடிதத்தோடு குத்தியிருக்கிறேன், பத்திரம். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, டப்பாவில் இருந்ததை நானும் உங்கப்பாவும் தின்றுவிட்டோம், புதிதாகச் செய்கிறேன். உன் டைரக்டர் போடச் சொல்கிற அந்தப் புதிய வருஷத்தில் பாப்பாவுக்குப் பதினேழு வயசு. இந்தக் கணக்கும் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது தானாக வந்ததுதான். அப்போது நான் இருப்பேனோ மாட்டேனோ. நான் இல்லாத ஒரு வருஷத்தை நினைத்து ஒளிந்துகொள்ளாமல் நான் எழுதிய முதல் காகிதம் இதுதான். நீ மாநாட்டுக்குப் போனால், அந்தத் தீவிலிருந்து யாராவது வந்திருந்தால், அந்த வருஷத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், நீ ஒன்றும் தேட வேண்டாம். பதில் பைலில் இருக்கிறது.

அம்மா